தெற்கு என்ற திசை

அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒவ்வோர் அக்டோபரிலும் ஓர் இடப்பெயர்வு நடக்கிறது. வடக்கே மேப்பிள் இலைகள் சிவந்து உதிரத் தொடங்கும்போது மெய்ன், மாசசூசெட்ஸ், நியூயார்க், மேரிலாந்து, கனடா எனப் பல இடங்களிலிருந்தும் சிறிய பாய்மரப் படகுகளும் மோட்டார் படகுகளும் தெற்கு நோக்கி இறங்குகின்றன. படகில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஓய்வுபெற்ற தம்பதிகள். கூடவே ஒரு நாயோ பூனையோ இருக்கும். குளிர்காலம் முழுவதையும் புளோரிடாவிலோ பஹாமாஸ் தீவுகளிலோ கழித்துவிட்டு, வசந்தம் வந்ததும் ஊர் திரும்புவார்கள். இவர்களுக்குப் 'பனிப்பறவைகள்' என்று பெயர். நவம்பர் 30 வரை சூறாவளிப் பருவம். அதற்குள் தெற்கே போய்விட்டால் பல படகுகளுக்குக் காப்பீடு செல்லாது. ரொம்பத் தாமதித்தால் உறைபனி பிடித்துக்கொள்ளும். அதனால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வாரங்களில் கிளம்புகிறார்கள். நம் கணக்கில் அது ஐப்பசி மாதம்.

அவர்கள் போகும் வழி திறந்த கடல் அல்ல. கடலுக்கு இணையாக, மணல் தீவுகளுக்கு உட்புறமாக ஓடும் 'இன்ட்ராகோஸ்டல் வாட்டர்வே' என்ற உள்கரை நீர்வழி. வெர்ஜீனியாவின் நார்ஃபோக் துறைமுகத்தில் அதன் மைல் கணக்கு பூஜ்யத்தில் தொடங்குகிறது. புளோரிடாவின் கீ வெஸ்ட் தீவில் முடியும்போது 1,240 மைலைத் தாண்டியிருக்கும். சில இடங்களில் அது ஆறு, சில இடங்களில் உப்பங்கழி, சில இடங்களில் மனிதர்கள் வெட்டிய கால்வாய். கடல் வரைபடங்களில் இந்த வழியை ஊதாச்சிவப்புக் கோடு ஒன்றாகப் போட்டிருப்பார்கள்.

எம்சிஓ காலத்தில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோதுதான் இந்தப் பயணக் காணொளிகள் எனக்குப் பழக்கமாயின. எங்கேயும் போக முடியாதவனுக்கு யாரோ எங்கேயோ மெதுவாகப் போய்க்கொண்டிருப்பதைப் பார்ப்பதில் ஒரு சுகம். மணிக்கு ஆறேழு மைல் வேகம். டால்பின்கள், தூக்குப்பாலங்கள், சாயங்கால வெளிச்சம். அப்படி ஒரு காணொளியில் படகு ஒரு நேர்க்கோட்டுக் கால்வாய்க்குள் நுழைந்தது. இருபுறமும் மரங்கள். தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது. "இதை அடிமைகள் வெட்டினார்களாம்" என்று அந்த மனிதர் ஒரு வரி சொன்னார். அடுத்த வரியில் மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு நான் படிக்கத் தொடங்கினேன்.

அந்தக் கால்வாயின் பெயர் டிஸ்மல் ஸ்வாம்ப் கால்வாய். வெர்ஜீனியாவுக்கும் வட கரோலினாவுக்கும் இடையே பரந்து கிடக்கும் கிரேட் டிஸ்மல் சதுப்பின் ஊடாக 22 மைல் நீளத்துக்கு ஓடுகிறது. 'டிஸ்மல்' என்றால் இருண்ட, துயரமான என்று பொருள். சைப்ரஸ் மரங்களும் ஜூனிப்பர் மரங்களும் தண்ணீருக்குள்ளேயே நிற்கும் காடு அது. மரப்பட்டைகளிலும் மக்கிய இலைதழைகளிலும் உள்ள துவர்ப்புச் சத்து கலந்துதான் தண்ணீர் பழுப்பாகிறது. சீக்கிரம் கெடாது என்பதால் அக்காலக் கப்பல்களில் இந்தத் தண்ணீரைப் பீப்பாய்களில் நிரப்பிக்கொண்டு போவார்கள்.

பிற்பாடு அமெரிக்காவின் முதல் அதிபரான ஜார்ஜ் வாஷிங்டன் 1763இல் இந்தச் சதுப்பைப் பார்க்க வந்தார். சதுப்பை வடித்து நிலமாக்கிப் பணம் பண்ணலாம் என்று சில பணக்காரர்களோடு சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கினார். கம்பெனியின் பங்குதாரர்கள் முதலீடாகக் கொடுத்தது பணத்தை மட்டும் அல்ல, ஆட்களையும்தான். தங்கள் அடிமைகளை வேலைக்கு அனுப்பினார்கள். சதுப்பு வடியவில்லை. ஆனால் கால்வாய் என்ற யோசனை தங்கிவிட்டது. வெர்ஜீனியா 1787இலும் வட கரோலினா 1790இலும் அனுமதி தந்தன. 1793இல் இரண்டு முனையிலிருந்தும் தோண்டத் தொடங்கி, 1805இல் தட்டைப்படகுகள் போகும் அளவுக்கு வழி திறந்தது. இன்றுவரை இடைவிடாது பயன்பாட்டில் இருக்கும் கால்வாய்களில் அமெரிக்காவிலேயே பழையது இதுதான். அடிமைகளைச் சொந்தமாக வாங்குவது செலவு என்பதால், உரிமையாளர்களிடமிருந்து வருட வாடகைக்கு எடுத்தே பெரும்பகுதி வேலையை முடித்தார்கள். கூலி உரிமையாளருக்குப் போகும். உடம்பு மட்டும் சேற்றில் நிற்கும்.

அந்தச் சேற்றை நமக்கு எழுதி வைத்தவர் மோசஸ் கிராண்டி. வட கரோலினாவின் கேம்டன் மாவட்டத்தில் 1786 வாக்கில் அடிமையாகப் பிறந்தவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல, அடிமை ஒழிப்பு இயக்கத்தைச் சேர்ந்த ஜார்ஜ் தாம்சன் எழுதி 1843இல் லண்டனில் சிறு புத்தகமாக வெளியிட்டார். நான் அதை ஒரே மூச்சில் படித்தேன். அதில் அலங்காரமே கிடையாது. கால்வாய் வேலையைச் சொல்லும் பகுதியும் அப்படித்தான். இடுப்பளவு, சில சமயம் அதற்கும் மேலே சேறும் தண்ணீரும். அதில் நின்றபடி வேர்களை வெட்டி, சேற்றை இறைக்க வேண்டும். தலை தண்ணீருக்கு மேலே இருந்தால் போதும், வேலை நடக்கும். ராத்திரி மரப்பலகைக் குடிசையில், உடம்பில் ஒட்டிய சேறோடு தீ மூட்டிக்கொண்டு படுக்க வேண்டும். குறித்த வேலையை முடிக்காதவனுக்குச் சவுக்கடி. அடித்த காயத்தில் உப்புநீர்.

சிறுவயதில் குளிர்காலத்தில் வெறுங்காலோடு மாடு பன்றிகளை மேய்த்த கதை ஒன்றை கிராண்டி சொல்கிறார். படுத்திருக்கும் பன்றியை எழுப்பிவிட்டு, அது படுத்திருந்த இடத்தின் சூட்டில் காலை வைத்து நின்றுகொள்வாராம். குளிருக்குப் பயந்து தெற்கே போகும் படகுகளைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, குளிரைப் பற்றிய இந்தச் சித்திரம் மனதை விட்டுப் போகவே இல்லை.

வளர்ந்த பிறகு கிராண்டி இதே கால்வாயில் சரக்குப் படகுகளுக்குத் தலைவரானார். 1812 போரில் பிரிட்டிஷ் கடற்படை கடல்வழியை அடைத்தபோது, உள்வழியான இந்தக் கால்வாய்க்குத் திடீர் மவுசு வந்தது. எலிசபெத் சிட்டிக்கும் நார்ஃபோக்குக்கும் இடையே மரமும் சரக்கும் ஏற்றிப் போனார். வரும் பணத்தில் எஜமானுக்குரிய பங்கைக் கொடுத்துவிட்டு, மீதியைச் சேர்த்துத் தன்னையே விலைக்கு வாங்கப் பார்த்தார். 600 டாலர் கட்டினார். எஜமான் பணத்தை வாங்கிக்கொண்டு அவரை இன்னொருவனுக்கு விற்றுவிட்டான். அந்த இரண்டாமவனுக்கும் 600 டாலர் கட்டினார். அவன் இவரை ஏற்கனவே தன் கடனுக்கு அடமானம் வைத்திருந்தான். மூன்றாவது முறை, மின்னர் என்ற ஒரு கப்பல் தலைவர் 650 டாலர் கொடுத்து வாங்கி, அதை உழைத்துத் திருப்பித் தர அனுமதித்தார். ஆக, ஒரு மனிதன் தனக்காகத் தந்த மொத்த விலை 1,850 டாலர். வாங்கின காசுக்கு ரசீது இருந்தாலும் அடிமையின் வார்த்தை நீதிமன்றத்தில் ஏறாது என்பதால்தான் இந்த மோசடி சாத்தியமானது.

அவருடைய முதல் மனைவியின் கதை அரைப்பக்கம்தான் வருகிறது. கல்யாணமாகிச் சில மாதங்கள். ஒருநாள் சங்கிலியில் பிணைத்த ஒரு கூட்டம் சாலையில் போகிறது. அதிலிருந்து ஒரு பெண் அவரைக் கூப்பிட்டு அழுகிறாள். அவர் மனைவி. கொண்டுபோகிறவனிடம் துப்பாக்கி இருக்கிறது. கொஞ்ச தூரத்தில் நின்று பேச மட்டும் அனுமதி. அதன்பிறகு அவளை அவர் பார்க்கவே இல்லை. அந்தக் கூட்டம் போன திசை தெற்கு.

இங்கேதான் 'தெற்கு' என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்கத் தொடங்கியது. 1808இல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளை இறக்குமதி செய்வதை அமெரிக்கா தடை செய்தது. ஆனால் உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடை இல்லை. வெர்ஜீனியாவின் புகையிலை மண் சலித்துப் போயிருந்தது. அலபாமா, மிசிசிப்பி, லூசியானாவில் பருத்தியும் கரும்பும் விரிந்துகொண்டிருந்தன. 1790இலிருந்து 1860 வரை ஏறக்குறைய பத்து லட்சம் பேர் மேல்தென்மாநிலங்களிலிருந்து ஆழ்தெற்குக்குக் கொண்டு செல்லப்பட்டார்கள். நடையாகவும், ஆற்றுவழியாகவும், கப்பலிலும். கடல்வழி வியாபாரத்துக்கு ஒரு பருவம் இருந்தது. நியூ ஆர்லியன்ஸில் கோடைக்காலத்து மஞ்சள் காய்ச்சல் அடங்கின பிறகு, அக்டோபரில் தொடங்கும். அதாவது, பனிப்பறவைகள் கிளம்பும் அதே மாதம். வியாபாரிகளின் கப்பல்கள் கிளம்பின துறைமுகங்களில் ஒன்று நார்ஃபோக். இன்றைய நீர்வழியின் பூஜ்ய மைல்.

1841 அக்டோபர் இறுதியில் நார்ஃபோக்கை ஒட்டிய ஹாம்ப்டன் ரோட்ஸ் நீர்ப்பரப்பிலிருந்து 'கிரியோல்' என்ற கப்பல் நியூ ஆர்லியன்ஸுக்குப் புறப்பட்டது. புகையிலையோடு 135 அடிமைகளும் இருந்தார்கள். நவம்பர் 7ஆம் தேதி இரவு, மேடிசன் வாஷிங்டன் என்பவர் தலைமையில் பத்தொன்பது பேர் கப்பலைக் கைப்பற்றினார்கள். இவர் முன்பு கனடாவுக்குத் தப்பிப் போய், மனைவியை மீட்கத் திரும்பி வந்து பிடிபட்டவர் என்று சொல்வார்கள். நாட்டின் முதல் அதிபருடைய குடும்பப் பெயரே இவருக்கும். கப்பலை எங்கே விடுவது? பஹாமாஸில் உள்ள நாசாவுக்கு விடச் சொன்னார்கள். காரணம், அது பிரிட்டிஷ் காலனி. அங்கே 1834 முதல் அடிமைமுறை சட்டப்படி இல்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் அங்கே விடுதலை பெற்றார்கள். கலகம் செய்தவர்கள் சில மாதங்கள் சிறையில் இருந்து 1842 ஏப்ரலில் வெளியே வந்தார்கள். அமெரிக்க வரலாற்றில் வெற்றி பெற்ற மிகச் சில அடிமைக் கலகங்களில் இது ஒன்று. பின்னாளில் ஃபிரெடரிக் டக்ளஸ் இதை வைத்து ஒரு கதை எழுதினார்.

இன்றைய பனிப்பறவைகள் பலருக்கும் கடைசி நிறுத்தம் பஹாமாஸ்தான்.

நாசாவில் அவர்களை விடுவித்த அந்தச் சட்டத்தைப் பற்றி நாம் கொஞ்சம் நின்று பேச வேண்டும். ஏனென்றால் அது நம்ம கதையும்தான். 1833இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய அந்த ஒழிப்புச் சட்டத்தில் ஒரு விலக்கு இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்கு அது பொருந்தாது. பினாங்கும் மலாக்காவும் சிங்கப்பூரும் அன்று கம்பெனியின் கையில் இருந்தவை. கம்பெனிப் பகுதிகளில் அடிமைமுறைக்குச் சட்ட ஆதரவை விலக்கிய இந்தியச் சட்டம் 1843இல்தான் வந்தது. கிராண்டியின் புத்தகம் வெளியான அதே ஆண்டு.

இன்னொரு பக்கம், விடுதலையான காலனிகளின் கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டும். 1834இலேயே மொரிஷியஸுக்கு இந்திய ஒப்பந்தக் கூலிகளின் கப்பல் போய்விட்டது. பினாங்குக்கு எதிர்க்கரையில், இன்று செபராங் பிறை எனப்படும் புரோவின்ஸ் வெல்லஸ்லியின் கரும்புத் தோட்டங்களுக்கும் தமிழர்கள் ஒப்பந்தத்தில் வந்தார்கள். அதுவும் தாழ்வான சதுப்புக் கரைதான். முதலில் வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்தால்தான் கரும்பு. பாரிட் புந்தார் வழியாக எத்தனையோ தடவை ரயிலில் போயிருக்கிறேன். 'பாரிட்' என்றால் மலாயில் வெட்டிய வாய்க்கால். ஊர்ப் பெயரில் இருக்கும் பாரிட்டை வெட்டின கை யாருடையது என்று ஊர்ப் பெயர் சொல்லாது.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. ஒப்பந்தக்கூலியை 'புதிய அடிமைமுறை' என்று 1974இல் ஹியூ டிங்கர் தன் நூலுக்குப் பெயரே வைத்தார். அந்த வாதம் இன்னும் ஓயவில்லை. ஒப்பந்தத்துக்கு முடிவுத் தேதி உண்டு. பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து விற்க முடியாது. கிராண்டியின் கதையைப் படித்தவர்கள் அந்த வித்தியாசத்தைச் சின்னதாக நினைக்க மாட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் பக்கத்தில் வருகின்றன. எந்தத் திசைக்குப் போவது என்பதைப் போகிறவர் தீர்மானிக்கவில்லை. சின்ன வயதில் ரஜூலா கப்பலில் வந்த என் பாட்டியிடம் ஏன் வந்தீங்க என்று கேட்டால், "ஏத்தி விட்டாங்க, வந்துட்டோம்" என்பார். அவ்வளவுதான் பதில்.

ஆனால் டிஸ்மல் சதுப்பில் எல்லாரும் ஏற்றிவிட்ட திசையிலேயே போகவில்லை. பதினேழாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து உள்நாட்டுப் போர் வரை, தப்பியோடியவர்கள் அந்தச் சதுப்புக்குள்ளேயே வாழ்ந்தார்கள். இவர்களை 'மரூன்' என்பார்கள். பாம்பும் கொசுவும் முள்புதரும் நிறைந்த இடத்தில், தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே நிற்கும் மண்திட்டுகளில் குடிசைகள். தொல்லியலாளர் டேனியல் செயர்ஸ் பல ஆண்டுகள் அந்தத் திட்டுகளைத் தோண்டினார். அவர் கண்டெடுத்தவை எல்லாமே சின்னஞ்சிறு பொருள்கள். களிமண் சுருட்டுக்குழாயின் துண்டு, துப்பாக்கியின் தீக்கல், பூர்வகுடிகள் விட்டுப்போன கற்கருவிகளை மறுபடி தீட்டிய சில்லுகள். வெளியிலிருந்து எதையும் வாங்காமல் வாழ முயன்றவர்கள் என்பதால் மிச்சமும் குறைவு. காணாமல் இருப்பதற்காகவே வாழ்ந்தவர்களின் வரலாறு இப்படித்தான் கிடைக்கும்.

கால்வாய் வந்த பிறகு நிலைமை மாறியது. கால்வாயை ஒட்டி, கூரைப் பலகை வெட்டும் முகாம்கள் வந்தன. வாடகை அடிமைகளோடு மரூன்களும் ரகசியமாகச் சேர்ந்து பலகை வெட்டி, பதிலுக்கு உணவும் துணியும் வாங்கிக்கொண்டார்கள். 1847இல் வட கரோலினா ஒரு சட்டமே போட்டது. சதுப்பில் வேலை செய்யும் ஒவ்வோர் அடிமையின் உயரம், நிறம், தழும்பு எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுத வேண்டும். பெயர் பதியாதவன் தப்பியோடியவன். அந்தப் பதிவேடு ஒன்று இன்றும் இருக்கிறது. பிடிப்பதற்காக எழுதின குறிப்புகள், இன்று அந்த மனிதர்கள் இருந்தார்கள் என்பதற்குச் சாட்சி.

வடக்கே தப்புவதற்கும் இதே தண்ணீர்தான் வழி. படகோட்டிகள், மீனவர்கள், துறைமுகக் கூலிகள் என்று கரோலினாவின் நீர்வழிகளில் உழைத்தவர்களில் பெரும்பங்கு கறுப்பின மக்கள். எந்தக் கப்பல் எப்போது வடக்கே போகிறது, எந்தத் தலைவன் கண்ணை மூடிக்கொள்வான் என்று அவர்களுக்குத் தெரியும். ஆல்பமார்ல் நீர்ப்பரப்பின் கரையில் உள்ள ஈடன்டன் ஊரில், பாட்டி வீட்டுப் பரணில் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்த ஹாரியட் ஜேக்கப்ஸ் 1842இல் கப்பல் வழியாகத்தான் வடக்கே தப்பினார். பனிப்பறவைகளின் படகுகள் அதே நீர்ப்பரப்பைக் குறுக்காகக் கடந்துதான் தெற்கே போகின்றன.

இன்னும் தெற்கே, தென் கரோலினாவில் நீர்வழி வாக்கமா ஆற்றில் இறங்குகிறது. இந்த நீர்வழியிலேயே மிக அழகான பகுதி என்று பயணிகள் பலரும் எழுதுவது இதைத்தான். கரையோரம் புல் மூடிக் கிடக்கும் சதுரங்கள் ஒரு காலத்தில் நெல்வயல்கள். கடல் ஓதம் ஏறும்போது ஆற்றின் நன்னீர் மேலே தள்ளப்படும். அந்த நேரம் பார்த்து மதகைத் திறந்து வயலுக்குள் தண்ணீர் விடுவார்கள். ஓதம் இறங்கும்போது வடித்துவிடுவார்கள். உப்புநீர் உள்ளே வந்துவிட்டால் பயிர் போச்சு. வரப்பும் மதகும் தெரிந்த நமக்கு, இதில் எவ்வளவு கணக்கு இருக்கிறது என்பது புரியும். அந்த அறிவில் பெரும்பங்கு மேற்கு ஆப்பிரிக்காவின் நெல் பூமியிலிருந்து பிடித்து வரப்பட்டவர்களுடையது என்று வரலாற்றாசிரியர்கள் பலர் வாதிடுகிறார்கள். 1840 வாக்கில் அமெரிக்க நெல்லில் ஏறக்குறையப் பாதி இந்த ஜார்ஜ்டவுன் மாவட்டத்தில் விளைந்தது. அவர்களுடைய சந்ததிதான் கல்லா கீச்சி மக்கள். தங்களுக்கென்று ஒரு மொழியையே உண்டாக்கிக்கொண்டவர்கள்.

அதற்கும் தெற்கே சார்ல்ஸ்டன் துறைமுகம். 1862 மே 13 விடியற்காலையில், ராபர்ட் ஸ்மால்ஸ் என்ற அடிமை மாலுமி 'பிளான்டர்' என்ற கூட்டமைப்பு ராணுவக் கப்பலைத் தன் குடும்பத்தோடும் தோழர்களோடும் ஓட்டிக்கொண்டு போனார். கப்பல் தலைவரின் தொப்பியைப் போட்டுக்கொண்டு, சரியான சங்கேத ஊதலை ஊதிக் கோட்டையைக் கடந்தார். வெளியே நின்ற வடக்குப் படையிடம் கப்பலை ஒப்படைத்தார். நீரோட்டமும் மணல்திட்டும் அவருக்கு அத்துப்படி. எஜமானர்கள் தங்கள் வசதிக்காகச் சொல்லிக்கொடுத்த தொழில் அது. பிற்பாடு, தான் அடிமையாகப் பிறந்த போஃபர்ட் ஊரில் தன் எஜமானின் வீட்டையே வாங்கினார். அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினரும் ஆனார். போஃபர்ட் இன்று படகுக்காரர்கள் விரும்பித் தங்கும் ஊர்.

இந்த ஆறுகளையும் உப்பங்கழிகளையும் ஒரே வழியாக இணைக்கும் திட்டத்தை 1808இலேயே நிதியமைச்சர் ஆல்பர்ட் கேலடின் அரசுக்கு எழுதிக் கொடுத்திருந்தார். கைகூட நூறு வருஷத்துக்கு மேல் ஆனது. 1859இல் நீராவி எந்திரங்களால் வெட்டிய ஆல்பமார்ல் செசபீக் கால்வாய் திறந்ததும் டிஸ்மல் கால்வாயின் வியாபாரம் சரிந்தது. அரசு 1913இல் புதியதையும் 1929இல் பழையதையும் வாங்கிச் சுங்கமில்லாமல் திறந்துவிட்டது. 1936இல் தென் கரோலினாவில் கடைசி இடைவெளியும் வெட்டி முடிந்தது. 1942இல் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் கரைக்கு வெளியே கப்பல்களை மூழ்கடித்தபோது சரக்குகள் இந்த உள்வழியாகப் போயின. ஆனால் இன்பப் படகுகள் அதற்கெல்லாம் முன்பே வந்துவிட்டன. 1912 அக்டோபரில் ஹென்றி பிளம்மர் என்பவர் மாசசூசெட்ஸிலிருந்து தன் மகனையும் ஒரு பூனையையும் கூட்டிக்கொண்டு மயாமிக்குப் பாய்மரப் படகில் போய் வந்து புத்தகம் எழுதினார். பனிப்பறவைகளின் முன்னோடி அவர்.

கிராண்டி சரக்கு ஏற்றிய எலிசபெத் சிட்டியில் 1983இல் ஒரு வழக்கம் தொடங்கியது. படகில் வந்து இறங்கும் பெண்களுக்கு ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு ரோஜாப்பூ கொடுத்து, விருந்து வைத்து வரவேற்றார்கள். அதனால் அந்த ஊருக்கு நல்ல பெயர். அந்த உபசரிப்பில் எனக்கு எந்தக் குறையும் தெரியவில்லை. படகில் போகிறவர்கள் மேலும் கோபம் இல்லை. வயதான காலத்தில் வெயிலைத் தேடிப் போவது குற்றமா என்ன? தண்ணீர் யார் போனாலும் சுமக்கும். ஆனால், ஒரு கால்வாயை அழகு என்று சொல்ல அதை வெட்டியவர்களை மறந்துதான் ஆக வேண்டும் என்று யார் சொன்னது? இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். அப்படிப் பார்க்கும்போது தேநீர் நிறத் தண்ணீரின் அழகு குறைவதில்லை, ஆழம் மட்டும் கூடுகிறது.

மோசஸ் கிராண்டி தன் புத்தகத்தின் கடைசியில் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறார். தனக்கு 1,850 டாலர். இரண்டாம் மனைவிக்கு 300. மகனுக்கு 450. பேரனுக்கு 400. கடத்தப்பட்ட ஒரு மகனை மீட்க 60. மொத்தம் 3,060 டாலர். புத்தகம் விற்ற காசும், இன்னும் அடிமையாக இருந்த உறவுகளை வாங்குவதற்குத்தான். நியூ ஆர்லியன்ஸுக்கு விற்கப்பட்ட இரண்டு மகள்கள் தாங்களே உழைத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மற்ற நான்கு பிள்ளைகள் உயிரோடு இருக்கிறார்களா, எங்கே இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. தெற்கே எங்கேயோ என்பது மட்டும்தான் தெரியும்.